தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும் யானை சந்தோஷமாகத்தான் இருக்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். விடுமுறையில் மகளோடு வெளிமாநிலத்தில் ஒரு உயிரியல் பூங்காவுக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே ஒரு யானை நின்ற இடத்திலேயே தலையை மேலும் கீழும் ஆட்டி, முன்கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. "யானை டான்ஸ் ஆடுது" என்று மகள் கைதட்டியிருக்கிறாள், உங்களுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. அது சந்தோஷமாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நம் ராயக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகிக் கொல்லைக்குள் இறங்கி கரண்ட் கம்பியில் மாட்டிச் சாகிற யானைகளைப் பிடித்துப் பூங்காவில் வைத்தால் அவற்றுக்கும் நல்லது, விவசாயிக்கும் நல்லதுதானே என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன். வயிற்றுக்குத் தீனியும் உயிருக்குப் பாதுகாப்பும் கிடைத்துவிட்டால் யானைக்கு அது போதுமா? போதாது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி. நான் கால்நடை மருத்துவன், ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மாட்டாஸ்பத்திரிகளில் போனது. வனத்துறை கூப்பிட்டபோது அடிபட்ட யானைகளைப் பார்த்திருக்கிறேன், அதைவிட அதிகமாகச் செத்த யானைகளைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்காக யானைகள் முகாமில் சில வாரங்கள் இருந்திருக்கிறேன். தனியார் வளர்த்த யானைகள் சிலவற்றுக்குக் காலில் மருந்து போட்டிருக்கிறேன். உயிரியல் பூங்காவில் வேலை பார்த்ததில்லை. அதனால் கால், வயிறு, பிரேதப் பரிசோதனை பற்றி நான் சொல்வதைக் கண்ணால் கண்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காக்களைப் பற்றிச் சொல்வது படித்ததும், அங்கே வேலை பார்த்த நண்பர்களிடம் கேட்டதும்.

முதலில் அந்தத் தலையாட்டல். அது ஆட்டம் இல்லை. ஒரே அசைவை, காரணம் எதுவும் வெளியே தெரியாமல், மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வது அடைபட்ட விலங்குகளிடம் காணப்படும் ஒரு பழக்கம். கூண்டுக்குள் புலி ஒரே தடத்தில் நடப்பதும் இதே வகைதான். காட்டில் யானை இப்படி நின்று ஆடிக்கொண்டிருப்பதில்லை. இதுவரை உறுதி. ஆனால் அதை வைத்து "இந்தப் பூங்காவில் கொடுமை நடக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் சங்கிலியில் கிடந்தபோது தொற்றிய இந்தப் பழக்கம், பின்னால் நல்ல இடத்துக்கு மாறிய பிறகும் ஆறிய காயத்தின் தழும்புபோல நின்றுவிடுவது உண்டு. தீனி வரும் நேரம் நெருங்கும்போது மட்டும் ஆடுகிற யானைகளும் உண்டு. 2016இல் வட அமெரிக்கப் பூங்காக்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், கவனித்த யானைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் ஏதோ ஒரு அளவில் இப்படிச் செய்தன. தனியாகப் பிரித்து வைக்கப்பட்டவை, ஒரு பூங்காவிலிருந்து இன்னொரு பூங்காவுக்கு மாற்றப்பட்டவை அதிகமாக ஆடின. குட்டிகளோடு பொழுதைக் கழித்தவை குறைவாக ஆடின. என்னைக் கேட்டால், அந்த ஆய்வில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசிச் செய்திதான்.

அடுத்து கால். இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பார்ப்பதற்குத் தூண் மாதிரி இருந்தாலும் யானை விரல் நுனிகளில்தான் நிற்கிறது. விரல்களுக்குப் பின்னால் கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தை ஒன்று இருக்கிறது. மூன்று நான்கு டன் எடையை அதுதான் வாங்கிக்கொள்கிறது. ஜவளகிரிக் காட்டில் செத்துக்கிடந்த ஒரு கொம்பனின் உள்ளங்காலை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. கோடையில் ஏரி மண் வெடித்ததுபோல அடிமுழுக்கக் கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் செம்மண்ணும் சரளைப் பொடியும் அடைந்து, சுற்றிலும் நகங்கள் ஒரே சீராகத் தேய்ந்து வழவழவென்றிருந்தன. யாரும் சீவிவிடாத கால் அது. நடந்த தூரம் அதைச் சீவியிருந்தது.

சில வருடம் கழித்து ஒரு வளர்ப்பு யானையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். முப்பது வயதைத் தாண்டிய பெண் யானை. கொட்டகைத் தரை முழுக்க சிமெண்ட், ஒரு மூலையில் மூத்திரம் தேங்கி நின்றது. வலது முன்காலின் நடு நகத்துக்கு மேலே நகக்கண் வீங்கிப் பளபளத்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த வெந்நீரில் காலை ஊறவைத்துவிட்டு, குளம்புக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். திடீரென்று சீழ் பீறிட்டு வந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. அவ்வளவு நேரமும் அந்த யானை தும்பிக்கையைப் பாகனின் தோள்மேல் வைத்துக்கொண்டு, காலை நீட்டியபடியே நின்றது. தினமும் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, மூன்று வாரத்தில் புண் ஆறியது. மூன்றாவது மாதம் அதே காலில் திரும்ப வந்தது. தரை மாறவில்லையே, புண் எப்படி மாறும்? கடினமான தரையில் அதிக நேரம் நிற்பதற்கும் பாத நோய், மூட்டு நோய்களுக்கும் தொடர்பு இருப்பதை அதே அமெரிக்க ஆய்வும் காட்டியது. மேலை நாட்டுப் பூங்காக்களில் கருணைக்கொலை வரை போகிற யானைகளில் பலவற்றுக்குக் கால்தான் காரணம்.

அப்புறம் தீனி. பூங்காக்காரர்கள் தீனியில் குறை வைப்பதில்லை, பெரும்பாலான இடங்களில் அதிகமாகவே போடுகிறார்கள். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை பசுந்தீவனம் தின்னும், 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அந்தக் கணக்கை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடலாம். இறக்க முடியாதது நேரம். காட்டு யானை ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தீனிக்காகச் செலவழிக்கிறது. மூங்கிலை உடைக்கும், பட்டையை உரிக்கும், புல்லைப் பிடுங்கி முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு வாயில் வைக்கும், ஆற்றுமணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடிக்கும். ஒவ்வொன்றும் யோசித்துச் செய்கிற வேலை. அதே தீனியைக் காலையில் ஒரு குவியலாகக் கொட்டினால், தின்று முடித்த பிறகு மீதிப் பொழுதுக்கு அது என்ன செய்யும்? உங்கள் மகள் பார்த்த ஆட்டம் பெரும்பாலும் இந்த மீதிப் பொழுதில் நடப்பதுதான். நல்ல பூங்காக்கள் இதைப் புரிந்துகொண்டு தீனியை உயரத்தில் வலையில் கட்டித் தொங்கவிடுகின்றன, பல இடங்களில் ஒளித்து வைக்கின்றன, நாளுக்கு ஏழெட்டு முறை பிரித்துப் போடுகின்றன. இதனால் பலன் இருக்கிறது.

இடத்தைப் பொறுத்தவரை ஒரு ஒப்பீடு போதும். நீலகிரிப் பகுதியில் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரே ஒரு குடும்பக் கூட்டம் 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் சுற்றுவது தெரிந்தது. 2014இல் அறிவிக்கப்பட்ட நம் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தின் மொத்தப் பரப்பே 504 சதுர கிலோமீட்டர்தான்! எந்தப் பூங்காவும் இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. சரி, தீனியும் தண்ணீரும் கிடைத்தால் யானை அவ்வளவு தூரம் நடக்கத் தேவையில்லையே என்று பூங்காத் தரப்பில் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. எத்தனை ஏக்கர் இருந்தால் போதும் என்பதற்கு ஒரு எண்ணை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பரப்பளவைவிடத் துணை முக்கியம் என்ற பக்கம்தான் ஆய்வுகள் சாய்கின்றன, நானும் அந்தப் பக்கம்தான்.

யானைக் கூட்டம் என்பது பாட்டி, அம்மா, சித்தி, அக்கா, குட்டிகள் சேர்ந்த வீடு. குட்டி பிறந்தால் தாய் மட்டும் பார்ப்பதில்லை, சுற்றியிருக்கும் பெண் யானைகள் எல்லாமே பார்க்கும். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் சில கிலோமீட்டர் தள்ளியிருப்பவற்றோடு பேசிக்கொள்ளும். இப்படிப்பட்ட பிராணியைத் தனியாக வைப்பது எந்த வசதியாலும் ஈடுகட்ட முடியாத குறை. டெல்லி உயிரியல் பூங்காவில் ஷங்கர் என்று ஒரு ஆப்பிரிக்க யானை இருந்தது. 1998இல் ஜிம்பாப்வே அன்பளிப்பாகக் கொடுத்தது. கூட வந்த துணை செத்த பிறகு பல ஆண்டுகள் தனியாகவே நின்றது. அதன் நிலையைக் காரணம் காட்டி உலக உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2024 அக்டோபரில் அந்தப் பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பரில் யானை செத்துப்போனது. அதற்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆண் யானைகளின் பாடு இன்னும் மோசம். மதம் பிடித்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சங்கிலி. பெண் யானைகளுக்கு வேறு விதம். வருடக்கணக்கில் குட்டி போடாமல் இருப்பவற்றின் கர்ப்பப்பையில் கட்டிகள் வரும், பருவச் சுழற்சியே நின்றுபோகும்.

ஆயுள் பற்றி ஒரு கணக்கை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 4,500க்கும் மேற்பட்ட யானைகளின் பதிவுகளை வைத்து 2008இல் வந்த ஆய்வு அது. ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானைகளில் பாதி 19 வயதுக்குள் செத்துவிட்டன. மியான்மரில் மரம் இழுத்து உழைத்த யானைகளில் பாதி செத்துமுடிய கிட்டத்தட்ட 42 வயதானது. கஷ்டப்பட்டு வேலை செய்த யானை உட்கார்ந்து தின்ற யானையைவிட இரண்டு மடங்கு வாழ்ந்திருக்கிறது என்பதை முதலில் படித்தபோது நான் இரண்டு தடவை திரும்பப் படித்தேன். மியான்மர் யானைகளை இரவில் காட்டில் அவிழ்த்துவிடுவார்கள், அவை கூட்டமாக மேயும். வித்தியாசம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் கணக்கில் பழைய காலத்துச் சாவுகளும் சேர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பூங்கா யானைகளின் ஆயுள் அதற்குப் பிறகு கூடியிருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே 19 என்ற எண்ணை இன்றைய நிலவரமாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் நாட்டில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009 நவம்பரிலேயே, பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் மாற்றச் சொல்லி உத்தரவு போட்டது. அது முழுதாக நடக்கவில்லை, இன்றும் சில பூங்காக்களில் யானைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. நமக்குப் பக்கத்தில், பெங்களூரு அருகே இருக்கும் பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா காட்டை ஒட்டியிருப்பதால் அங்கே யானைகளை இரவில் காட்டுக்குள் மேயவிடும் வழக்கம் உண்டு. கூட்டமாகவும் இருக்கின்றன, குட்டிகளும் பிறக்கின்றன. இருக்கிற நிலையில் அது நல்ல ஏற்பாடு. அதே இடத்திலிருந்து 2025 ஜூலையில் நான்கு யானைகளை விமானத்தில் ஏற்றி ஜப்பானின் ஹிமேஜிக்கு அனுப்பினார்கள். நான்கையும் சேர்த்து அனுப்பியது ஆறுதல். இருந்தாலும் மண்ணையும் கூட்டத்தையும் விட்டு அவ்வளவு தூரம் அனுப்பியதை என் மனம் ஏற்கவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. காடு சொர்க்கம் என்று நான் சொல்லவே மாட்டேன். அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடியை, கடித்துத் தாடை சிதறி, தின்ன முடியாமல் இரண்டு வாரம் பட்டினி கிடந்து செத்த யானையின் வயிற்றைத் திறந்து பார்த்தவன் நான். உள்ளே கொஞ்சம் சேறும் தண்ணீரும்தான் இருந்தது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில், பயிரைக் காக்கச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அதே மாதம் கம்பைநல்லூர் பக்கம் ஒரு யானை தாழ்வாகப் போன மின்கம்பியில் பட்டுச் செத்தது. இதையெல்லாம் பார்த்தால் "பிடித்துக்கொண்டுபோய்ப் பத்திரமாக வையுங்கள்" என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் பிடிப்பது என்றால் என்ன என்பதையும் அதே வருடம் பார்த்தோம். பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் பயிருக்குள் சுற்றிய மக்னா (தந்தமில்லாத ஆண் யானை) ஒன்றை மயக்க ஊசி போட்டு, பழக்கப்பட்ட கும்கி யானையை வைத்து லாரியில் ஏற்றி, ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளில் அது காட்டை விட்டு இறங்கி, பொள்ளாச்சி வழியாக நடந்தே கோவைக்கு வந்துவிட்டது. மறுபடி பிடித்து, மறுபடி விட்டு, ஜூலையில் இன்னொரு தடவை பிடித்தார்கள். காட்டிலேயே கொண்டுபோய் விட்டும் அதன் மனம் ஒட்டவில்லை. அதை நான்கு சுவருக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மயக்க ஊசியிலேயே ஆபத்து இருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பு ஏடாகூடமாக விழுந்து, மார்பு தரையில் அழுந்திக் கிடந்தால் மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். ஆளைக் கொன்று பழகிய, வேறு வழியில்லாத யானை என்றால் பிடிக்கத்தான் வேண்டும், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. ராகி தின்ற குற்றத்துக்கு ஆயுள் சிறை கூடாது. இன்னொரு விஷயம், ஒன்றைப் பிடித்தால் அந்த இடம் காலியாக இருக்காது. அறுவடைக் காலத்தில் கர்நாடகத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிற பாதை இது. வேறொன்று வரும்.

குட்டியைக் காப்பாற்றுவது மட்டும் வேறு கணக்கு. தாயை இழந்த குட்டியை மனிதர்தான் எடுக்க வேண்டும், முதுமலை தெப்பக்காடு போன்ற முகாம்கள் அதற்குத்தான் இருக்கின்றன. அதுவும் எளிதில்லை. 2023 மார்ச்சில் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்த நான்கு மாதக் குட்டியை மீட்டு, கூட்டத்தோடு சேர்க்க முயன்று முடியாமல் தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாதம் முடிவதற்குள் செத்துவிட்டது. வயிறு பால்பவுடரை ஏற்கவில்லை. யானைப் பாலுக்கு ஈடான பால் கடையில் கிடையாது. காட்டில் குட்டி தன் தாயின் சாணத்தைத் தின்று அதிலிருந்து செரிமானத்துக்கான நுண்ணுயிர்களைப் பெறுகிறது, அதற்கும் ஈடு இல்லை. அந்தப் பாகன்கள் ராத்திரி பகலாகப் பார்த்தும் இதுதான் முடிவு என்றால், தாயிடமிருந்து பிரியாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

அதனால் யானைக்கு நல்லது செய்ய வேண்டும் என்று உங்கள் ஊரில் யாராவது கேட்டால், முதலில் வேலியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். சூரிய மின்வேலி நொடிக்கு ஒரு முறை, இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ கொக்கி போட்டு இழுத்த கம்பி கொன்றுவிடும், பல சமயம் பக்கத்துக் கொல்லைக்காரரையும் சேர்த்து. பயிர் இழப்பீடு விண்ணப்பத்துக்குச் சேதத்தைப் படம் எடுத்து, உடனே வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு ராத்திரியில் ஆறு மாத உழைப்பை இழந்தவரிடம் யானையின் அருமையைப் பேசிப் பயனில்லை. அவருக்குப் பணம் காலத்தில் கிடைத்தால்தான் கொக்கிக் கம்பி குறையும்.

அடுத்த முறை பூங்காவுக்குப் போனால் யானையின் முகத்தை விட்டுவிட்டு முதலில் தரையைப் பாருங்கள். மண்ணா, சிமெண்டா? புரள ஒரு சேற்றுப் பள்ளம் இருக்கிறதா? பிறகு நகங்கள். வெடிப்பும் வீக்கமும் இல்லாமல் இருக்கின்றனவா? கணுக்காலைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் தடித்து வளையம் போலத் தெரிந்தால் அது சங்கிலியின் தடம். எத்தனை யானைகள் சேர்ந்து நிற்கின்றன, ஒன்றை ஒன்று தும்பிக்கையால் தொட்டுக்கொள்கின்றனவா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். பாகனிடம் "ராத்திரி எங்கே இருக்கும், கட்டித்தான் வைப்பீங்களாண்ணா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். யானைமேல் அவர்களுக்கு இருக்கும் அக்கறை நம்மைவிட அதிகம்.

மகளிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஆடவில்லை, அதற்குப் பொழுது போகவில்லை, கூடப் பேச ஆள் இல்லை என்று சொல்லுங்கள். அந்த வயதுக் குழந்தைக்கு அது உடனே புரியும்.